வயதான குதிரையை ஏலத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: ஹூஸ்டன் அருகே வசிக்கிறோம். மகள் சவாரி பழகுவதற்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரை வாங்கினோம். இப்போது அதற்கு 24 வயது. மூட்டுவலியால் முன்னங்காலை நொண்டுகிறது. ‘பியூட்’ என்ற வலிநிவாரணிப் பொடி கொடுத்து வருகிறோம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். லாய வாடகை கட்டுப்படியாகவில்லை. ‘ஏலத்தில் விற்றுவிடுங்கள், அமெரிக்காவில் குதிரையை இறைச்சிக்கு வெட்டத் தடை இருக்கிறது, பயமில்லை’ என்கிறார்கள். விற்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. இங்கே வெட்டுவதுதான் நின்றிருக்கிறது. வெட்டுவதற்காக லாரியில் ஏற்றிச் செல்வது நிற்கவில்லை.

உங்கள் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த், காஃப்மன் ஆகிய ஊர்களில் இருந்த இரண்டு இறைச்சிக்கூடங்களும், இலினாய் மாநிலத்தின் டிகால்ப் ஊரில் இருந்த ஒன்றும் 2007இல் மூடப்பட்டன. நாட்டிலேயே அவைதான் கடைசி. ஆனால் நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் எதுவும் வரவில்லை. குதிரை இறைச்சியைப் பரிசோதிக்கும் அரசு ஊழியர்களுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்குவதில்லை. பரிசோதனை இல்லாமல் ஆலை நடத்த முடியாது. நாடு முழுவதற்கும் தடை என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். 2010ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் வெட்டுக்காக மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போயின என்று மத்திய அரசின் தணிக்கை அலுவலகமே 2011இல் கணக்குச் சொன்னது. அதன் பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும் எல்லையில் வழி திறந்தேதான் இருக்கிறது.

உள்நாட்டிலேயே ஆலை இருந்தால் இந்த நெடும்பயணக் கொடுமையாவது குறையும் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டுக்கூடம் என்றொரு வடிகால் இருக்கும்வரை கணக்கில்லாமல் குட்டி போட வைப்பவர்களுக்குப் பொறுப்பு வராது என்ற மறுதரப்பின் பக்கம்தான் நான் நிற்கிறேன். உங்கள் குதிரையைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. பியூட், அதாவது ஃபினைல்பியூட்டஸோன், மனிதர் உண்ணும் விலங்குக்குக் கொடுக்கவே கூடாத மருந்து. மனித உடலில் அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது. எந்தக் குதிரைக்கு என்ன மருந்து போனது என்ற நம்பகமான பதிவு இல்லாததால்தான் 2015இல் மெக்சிகோவின் குதிரை இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது.

ஒருமுறை ஓர் ஏலக்கூடத்தின் பின்பக்கப் பட்டியில், இடுப்பில் எண் ஒட்டிய கிழட்டுக் குதிரை ஒன்றின் காலைப் பார்க்கக் குனிந்தேன். தொட்டதுமே குளம்பைத் தூக்கி என் கையில் வைத்தது. லாடம் அடிக்க வந்தவன் என்று நினைத்திருக்கும். அத்தனை பழக்கப்பட்ட குதிரையை அன்று எடைக்கு விலை பேசினார்கள். நொண்டும் 24 வயதுக் குதிரைக்கு ஏலத்தில் போட்டி போட வருபவர் பெரும்பாலும் ‘கில் பையர்’ எனப்படும் இறைச்சித் தரகர்தான். ‘இலவசம், நல்ல வீடு தேவை’ என்று விளம்பரம் கொடுத்தாலும் அதே கைகளுக்குப் போய்விடலாம்.

முதலில் மருத்துவரை வரவழைத்துப் பல்லையும் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியருகே பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தால் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது உலர்புல் வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சிபோலக் கொடுக்க வேண்டும். வலி கட்டுக்குள் இருந்தால், லாயத்திலிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற குதிரைகளை மேய்ச்சல் நிலத்தில் விட்டுப் பராமரிக்கும் பண்ணையில் சேருங்கள். செலவு பொதுவாகக் குறையும். தனியாக நிற்கும் இன்னொரு குதிரைக்குத் துணை தேடுபவரிடமும் கொடுக்கலாம். விற்காமல், உரிமையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு கொடுங்கள். அவ்வப்போது நேரில் போய்ப் பாருங்கள். உரிமை கைமாறிவிட்டால், இரண்டாவது கைக்குப் போன குதிரையை மீட்பது மிகவும் கடினம்.

இவை எதுவும் கைகூடவில்லை என்றாலோ, படுத்தால் எழச் சிரமப்படும் நாள் வந்துவிட்டாலோ, அதன் சொந்த மைதானத்திலேயே மருத்துவர் கையால் முடித்துவிடுங்கள். இதைத் துரோகம் என்று நினைக்காதீர்கள். மயக்க ஊசி போட்டுத் தலை தாழ்ந்த பிறகு பென்டோபார்பிட்டல் என்ற உயிர்போக்கும் மருந்தைச் செலுத்துவார்கள்; சில நொடிகளில் நினைவு போய்விடும். புதைக்கும் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, குழி தோண்டும் இயந்திரத்துக்கும் அதே நாளுக்குச் சொல்லி வையுங்கள். ஏறக்குறைய 500 கிலோ உடல், டெக்ஸாஸ் வெயில். அந்த மருந்து உடலிலேயே தங்கும். திறந்த வெளியில் கிடந்தால் தின்ன வரும் கழுகும் நாயும் செத்துப்போகும்.

மகளிடம் மறைக்காதீர்கள். அவளுக்கு எப்போது விடுமுறை என்று கேட்டுவிட்டு மருத்துவரிடம் நாள் குறியுங்கள். அன்று காலை ஒரு வாளி நிறைய கேரட்டை அவளே ஊட்டட்டும்.