பாராட்டிப் பாராட்டியே ஒருவரை மாற்ற முடியுமா?

கேள்வி: சின்னச் சின்னப் பாராட்டு, கண்டுகொள்ளாமல் விடுவது, இப்படி ஏதாவது செய்து கூட இருப்பவர்களை அவர்களுக்கே தெரியாமல் மாற்ற முடியுமா? எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் என் மாமியாரிடம் முயன்று பார்க்கலாமா?

முடியும். சொல்லப்போனால் நம் வீடுகளில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பெண் காபி போடுகிறாள். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராதும்மா, இனிமே நீ போட்டாத்தான் எனக்கு இறங்கும்" என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்த வீட்டில் விடியற்காலையில் யார் எழுந்திருக்க வேண்டும் என்பது அன்றோடு முடிவாகிவிடும். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவளுக்குப் 'பொறுப்பான பொண்ணு' பட்டம். எதிர்த்துப் பேசாதவளுக்கு 'அடக்கமான பொண்ணு'. ஆபீஸிலும் இதே கதைதான். "எக்செல்னா நம்ம சார்தான், வேற யாராலயும் முடியாது" என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். பாராட்டு வாங்கியவர் எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வருவார்.

இதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் விளக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர். 1930களில் எலிகளையும் பிறகு புறாக்களையும் வைத்து அவர் காட்டியது இதுதான்: ஒரு செயலைச் செய்தவுடன் என்ன கிடைக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும். மனிதர்களிடமும் இதைச் சோதித்தார்கள். ஜோயல் கிரீன்ஸ்பூன் என்பவர் 1955இல் வெளியிட்ட ஆய்வில், வந்தவர்களை மனதில் தோன்றும் சொற்களையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். பன்மைச் சொல் வரும்போது மட்டும் ஆய்வாளர் "ம்ம்" என்று ஆமோதித்தார். பன்மைச் சொற்கள் கூடின. இதில் மாயம் ஒன்றும் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். பலர் விஷயத்தை உள்ளுக்குள் ஊகித்துக்கொண்டுதான் ஒத்துப்போனார்களாம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. 'அவர்களுக்கே தெரியாமல்' என்பதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். மாமியார்களுக்குப் பாதி புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கலிஃபோர்னியாவின் விசேலியா நகரத்தில் நடந்த சோதனை. பால் கிராபார்ட், ஹாரி ரோசன்பெர்க் என்ற இருவர் அதை நடத்தினார்கள். 1974இல் அது பத்திரிகையில் வெளிவந்தது. வழக்கமாக ஆசிரியர்தானே மாணவனைத் திருத்துவார்? இங்கே தலைகீழ். 'தொல்லை பிடித்தவர்கள்' என்று தனி வகுப்பில் வைக்கப்பட்டிருந்த, 12 முதல் 15 வயதுக்குட்பட்ட 7 பேருக்கு ஆசிரியர்களை மாற்றப் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர் தன்மையாகப் பேசினால் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும். கடுமையாகப் பேசினால் எதிர்த்துப் பேசாமல் பார்வையை விலக்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே புரிந்த பாடத்தையே திரும்ப விளக்கச் சொல்லி, பாதியில் "ஆங், இப்பப் புரியுது சார்!" என்று முகம் மலர வேண்டும். எந்த வாத்தியார் இதற்கு மயங்கமாட்டார்? சிரிப்பே இயல்பாக வராத பையனுக்கு வீடியோவில் பதிவு செய்து காட்டிப் பழக்கினார்கள். சில வாரங்களில் ஆசிரியர்களின் நல்ல வார்த்தைகள் கூடின, திட்டு குறைந்தது. மாணவர்கள் இதையெல்லாம் நிறுத்தியதும் நல்ல வார்த்தைகளும் குறைய ஆரம்பித்தன.

எனக்கு இதில் உறைப்பது, அதிகாரமே இல்லாதவர்களாலும் இதைச் செய்ய முடிந்தது என்பதுதான். அதனால்தான் மருமகள் மாமியாரிடம் முயலலாம் என்கிறேன்.

அப்புறம், எதைச் செய்யக்கூடாது என்று பார்ப்போம். எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் சாயங்காலம் நின்றால் ஒரு காட்சி பார்க்கலாம். பையன் சிப்ஸ் கேட்பான், அம்மா கிடையாது என்பாள். சிணுங்குவான், கிடையாது. சட்டையைப் பிடித்து இழுப்பான், கிடையாது. தரையில் உட்கார்ந்து கத்தியதும், கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒண்ணே ஒண்ணு" என்று தொங்கும் சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள். அவள் கண்டிப்பு காட்டியதாக நினைக்கிறாள். அவன் கற்றுக்கொண்டதோ எவ்வளவு நேரம் கத்த வேண்டும் என்பதை. தினமும் கேட்டவுடன் கிடைத்திருந்தால், ஒருநாள் கிடைக்காமல் போகும்போது சீக்கிரமே விட்டுவிடுவான். எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இரும்பாக்குகிறது.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் குறை சொன்னவுடன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அனேகமாக விளக்கம் சொல்வீர்கள். பருப்பு வேகவில்லை, வேலைக்காரம்மா லேட், குழந்தைக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது. நாள் முழுக்க வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு அந்தப் பத்து நிமிட விளக்கம் பெரிய பரிசு. குறை சொன்னால்தான் மருமகள் நின்று பேசுகிறாள். ஆகவே குறைக்கு "சரிங்கத்தை" என்று ஒரு வரி போதும். முகத்தைத் தூக்கிக்கொள்ளவும் வேண்டாம், அதுவும் ஒரு பதில்தான். அவர் தன் ஊர்க் கதையையோ வத்தக்குழம்புப் பக்குவத்தையோ எடுக்கும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "அப்புறம் என்னாச்சு அத்தை?" என்று கேளுங்கள். போலியாகக் கேட்டால் இரண்டே நாளில் பிடிபட்டுவிடும். உண்மையிலேயே உங்களுக்குக் கேட்கப் பிடிக்கும் கதையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் குறை சொல்வது இன்னும் அதிகமாகலாம். வழக்கமாகக் கிடைப்பது கிடைக்கவில்லை என்றால் சிலர் முதலில் இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தில் பொறுக்க முடியாமல் ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தீர்களானால் பெட்டிக்கடை அம்மா கதைதான்.

இது சூழ்ச்சியா என்று கேட்டால், நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன். நாளைக்கு நீங்கள் செய்ததை அவரிடமே சொன்னால் சிரிப்பாரா, மனம் நோவாரா? "நீங்க கதை சொல்றப்ப உங்களை ரொம்பப் பிடிக்குது அத்தை" என்று வாய்விட்டே சொல்லிவிடலாம். அப்போதும் வேலை செய்யும். காபிப் பாராட்டை அப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? "நான் தூங்கணும், அதனால உன்னைப் புகழ்றேன்" என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்று மட்டும். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொன்னால், முதலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பாருங்கள். எல்லாக் குறையும் கவன ஈர்ப்பு இல்லை.