போல்ட், ஸ்க்ரூ, ரிவெட், ஆணி: எது எதற்கு, கடையில் எப்படிக் கேட்பது?

மார்த்தாண்டம் பக்கம் மாடியில் ட்ரஸ், அதாவது இரும்புக் குழாய்ச் சட்டம், போட்டுத் தகரம் வேயப் போகிறீர்கள், அதற்கு என்ன வாங்குவது, பொதுவாக எந்த வகை எந்த வேலைக்கு என்பது கேள்வி. நான் களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் வருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது மட்டும் போதாது. எந்தத் திசையில் இழுபடும், பின்னால் கழற்ற வேண்டிவருமா, நனையுமா, இந்த மூன்றும் தெரிந்தால்தான் சரியான சாமானை எடுத்துக் கொடுக்க முடியும். அதிலும் நம்ம ஊரில் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, தெற்கே கடற்காற்று. இங்கே பாரம் தாங்காமல் அறுந்த போல்டைவிடத் துருவேறி உதிர்ந்த போல்டைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் கூரை. இரும்புக் குழாயில் தகரம் என்றால் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. முனையே ஒரு குட்டி டிரில் பிட், தானே துளை போட்டு, தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கிவிடும். ஆறுமுகத் தலை, 8 எம்எம் சாக்கெட் பிட் போதும். இதில் கவனிக்க வேண்டியது தலைக்குக் கீழே இருக்கும் வாஷர். மேலே உலோகம், அடியில் கறுப்பு ரப்பர், ஈபிடிஎம் என்பார்கள். மழைத் தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர்தான். ஆட்கள் டிரில்லை முழு வேகத்தில் விட்டு அழுத்தும்போது ரப்பர் தட்டையாகி வெளியே பிதுங்கிவிடும், இரண்டு வெயில் காலம் போனால் வெடித்து ஒழுக ஆரம்பிக்கும். ரப்பர் உலோக விளிம்பு வரைக்கும் வந்து லேசாக எட்டிப் பார்த்தால் போதும், அங்கே கையை எடுத்துவிட வேண்டும். சாய்வாக இறங்கிய ஸ்க்ரூவில் வாஷர் ஒரு பக்கம்தான் உட்காரும், அதைக் கழற்றிவிட்டு ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவை அதே துளையில் நேராகப் போடச் சொல்லுங்கள்.

கூரைக்குப் பாரம் மேலிருந்து கீழே என்று நினைப்போம். காற்றில் அது தலைகீழ், தகரத்தைக் காற்று மேலே தூக்கும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நான் பார்த்த பல கூரைகளில் ஸ்க்ரூ குழாயிலேயே அசையாமல் நின்றது, தகரம்தான் தலையைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தது. ஆகவே ஸ்க்ரூவின் பலத்தை விசாரிப்பதோடு அகல வாஷர் கேளுங்கள், கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். காற்று பிடிப்பது அங்கேதான். ஸ்க்ரூவைத் தகர நெளிவின் மேட்டில் அடிப்பதா பள்ளத்தில் அடிப்பதா என்பதை ஷீட் கம்பெனி சொல்கிறபடி செய்யுங்கள், வெல்டரோடு வாதாட வேண்டாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஜே போல்ட், அது மேட்டில்தான். வளைந்த பக்கம் குழாயைக் கட்டிப் பிடிக்கும், மேலே தார் வாஷரும் நட்டும்.

ட்ரஸ்ஸின் கால்களை மாடிக் கான்கிரீட்டில் நிறுத்த ஆங்கர் போல்ட். முறுக்கும்போது அடியில் உள்ள கூம்பு மேலே ஏறி, சுற்றியுள்ள உறையை விரித்துத் துளையின் சுவரில் நெருக்கும். அந்த நெருக்கலைத் தாங்கச் சுற்றிலும் கெட்டியான கான்கிரீட் வேண்டும். மாடி விளிம்பை ஒட்டிப் போட்டால் விளிம்பே பெயர்ந்து வரும். கேரளத்துப் பழைய வீட்டு வெட்டுக்கல் சுவரிலும், இப்போது எல்லா இடத்திலும் வரும் காற்றுக் குமிழி நிறைந்த இலேசான ஏஏசி பிளாக்கிலும் இதை நம்பாதீர்கள். கல் மெத்தென்று இருக்கும், விரிக்க விரிக்கப் பொடியும். அங்கே கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையைச் சுத்தமாக ஊதிவிட்டுப் பசையை நிரப்பிக் கம்பியைச் செருகி இறுக விடுவது. இல்லையென்றால் சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து நட் போடுவது. படம், ஸ்விட்ச் பாக்ஸ் மாதிரிச் சின்ன வேலைகளுக்குப் பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் போதும்.

அடுத்து நட் போல்ட். கழற்றி மாட்ட வேண்டிய இடம், அதிரும் இடம், பெரிய பாரம் எல்லாம் இதற்கு. போல்ட் என்பது சும்மா துளையில் நிற்கும் குச்சி இல்லை. முறுக்கும்போது அது கொஞ்சம் நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்த்து, இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கல் இருக்கும்வரைதான் அது போல்ட். நாம் ஸ்பேனரில் கொடுக்கிற முறுக்கில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடுகிறது, பத்தில் ஒரு பங்கு போலத்தான் இழுவிசையாக மாறுகிறது. மரை துருப்பிடித்திருந்தால் அதுவும் கிடைக்காது, கைக்கு மட்டும் டைட்டாகத் தெரியும்.

தலையில் 4.6, 8.8, 10.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை 100ஆல் பெருக்கினால் அறுபடும் அழுத்தம், மெகாபாஸ்கலில். இரண்டாவது எண், அதில் பத்தில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்பது, 8.8 என்றால் 800, அதில் 80 சதவீதம், 640. எம் 8, அதாவது 8 எம்எம் விட்டமுள்ள போல்டில் 4.6 ஏறக்குறைய ஒன்றரை டன் இழுப்பில் போகும், 8.8 ஏறக்குறைய 3 டன். கேட்டுக்கு, கிரில்லுக்கு 4.6 தாராளம். வண்டியில், மோட்டார் பெட்டில் 8.8க்குக் குறைந்து போடாதீர்கள். தலையில் எண்ணே இல்லாத போல்டை எங்கள் கடையில் வாங்கினாலும் 4.6 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்ந்து போகாமல் இருக்க எல்லோரும் ஸ்பிரிங் வாஷர் கேட்பார்கள். 1969இல் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் போல்ட் போட்ட பாகத்தைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிச் சோதித்து, நட் கழல்வதற்கு அந்தப் பக்கவாட்டு அசைவுதான் பெரிய காரணம் என்று காட்டினார். அந்த மாதிரிச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் விற்கிறேன், ஆனால் அதிரும் இடத்துக்கு நைலாக் நட் மேல். உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்ளும். 120 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில், சைலன்சர் பக்கம் எல்லாம், அது இளகிப் பயனில்லாமல் போகும். சக்கர அச்சு மாதிரி கழன்றால் ஆள் போய்விடும் இடங்களில் காடி வெட்டிய நட்டும் குறுக்கே ஸ்ப்ளிட் பின்னும்.

மரவேலைக்கு வந்தால், ஜிப்சம் போர்டுக்கென்று வந்த கறுப்பு ஸ்க்ரூவை இப்போது கதவுக் கீல் முதல் கட்டில் வரை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். விலை குறைவு, சட்டென்று இறங்கும், ஆனால் உடையும் தன்மை. பக்கவாட்டில் பாரம் வந்தால் வளையாது, தலை முறிந்துவிடும். வெளிக்கதவில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. கீலுக்குச் சாதாரண மர ஸ்க்ரூ, முதலில் சின்னத் துளை போட்டு. அயனி, பலா, தேக்கில் இரும்பு ஆணி நனைந்தால் சுற்றிலும் கறுப்பாகக் கறை இறங்கும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்வது அது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ வாங்கிக்கொள்ளுங்கள். கேரளத்துக் கெட்டுவள்ளக்காரர்கள் ஆணியே வேண்டாம் என்று அயனிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டினார்கள், தண்ணீரில் கிடப்பதற்கு அதைவிடப் புத்திசாலித்தனம் இல்லை. கான்கிரீட் ஆணி தனி. கடினப்படுத்திய எஃகு, கோணலாக அடித்தால் தெறித்து முகத்துக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள்.

ரிவெட் என்றால் கழற்றப் போவதில்லை என்று அர்த்தம். பின்பக்கம் கை போகாத மெல்லிய தகரத்துக்கு பாப் ரிவெட், கூரைத் தண்ணீர்ப் பாத்தி, போர்டு, பெட்டி. ஒன்று மட்டும்: ஸ்டெயின்லெஸ் தகடில் அலுமினிய ரிவெட் போடாதீர்கள், ஈரம் பட்டால் சின்ன அலுமினியம் பெரிய ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பலியாகிவிடும்.

பூச்சு பற்றி. பளபளப்பாக இருக்கும் வெள்ளை, மஞ்சள் போல்ட் எல்லாம் மின்முலாம், துத்தநாகம் மெல்லிசு, வீட்டுக்குள்ளே போடத்தான். மங்கலான சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக இருப்பது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது, வெளிவேலைக்கு அதுதான். பூச்சு தடிமன் என்பதால் சாதாரண நட் அதில் ஏறாது, அதற்கென்று மரையைக் கொஞ்சம் அகலமாக வெட்டிய நட்டைச் சேர்த்தே வாங்க வேண்டும். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி வருவார்கள்: ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் கலந்த தண்ணீர் ரோலர் காலில் வடிந்து வடிந்து, துத்தநாகம் முதலில் வெள்ளைப் பொடியாகும், பிறகு நட்டும் போல்ட்டும் ஒரே கட்டியாகிவிடும், ஸ்பேனரே பிடிக்காது. அதற்கு ஸ்டெயின்லெஸ்தான். கடலோர வீட்டுக்கு 316 ரகம், தலையில் ஏ4 என்று இருக்கும். 304 ரகத்தில் ஏ2. ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினில் வேகமாக ஓட்டினால் பாதியில் ஒட்டிக்கொண்டு முன்னேயும் போகாது பின்னேயும் வராது. கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் மெதுவாக முறுக்குங்கள்.

கடையில் கேட்பது சுலபம்: வகை, விட்டம், தலைக்குக் கீழிருந்து நீளம், பூச்சு. பழைய மேஸ்திரிகள் நூல் கணக்கில் கேட்பார்கள். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஆக மூணு நூல் போல்ட் என்றால் 3/8 இஞ்ச். இரண்டரை நூலும் எம் 8உம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், நட் இரண்டு சுற்று ஏறிவிட்டுச் சிக்கும். மரை இடைவெளி வேறு. அங்கே பலம் போட்டால் இரண்டும் பாழ். பழையதைக் கையோடு கொண்டுவந்தால் பிரச்சினையே இல்லை. அது கழற்ற முடியாத இடத்தில் இருந்தால், எந்த ஸ்பேனர் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்: 10 என்றால் எம் 6, 13 என்றால் எம் 8, 17 என்றால் எம் 10, சில புது போல்டில் அதற்கே 16.