பிளேனில கூட்டிக்கொண்டு போறம், சொல்லுறதோ விடுறதோ?

கேள்வி: வணக்கம் அக்கா, விசுவமடுவில இருந்து எழுதுறன். என்ர மகனுக்கு 9 வயது, ஓட்டிசம். கதைக்கிறது குறைவு, பெரிய சத்தம் எண்டால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில இருந்திடுவான். லண்டனில இருக்கிற அண்ணை கூப்பிட்டு விசாவும் கிடைச்சிட்டுது, வாற மாசம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போறம். அப்பாவுக்கு ஒரு கால் 2009ல போனது, பொய்க்கால் போட்டுத்தான் நடக்கிறார். ரிக்கெற் போட்ட இடத்தில பிள்ளையின்ர விசயத்தைச் சொல்லாதேங்கோ, சொன்னால் ஏத்தமாட்டினம் எண்டு சொல்லினம். என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, சொல்லுங்கோ. மறைக்கவே வேண்டாம்.

நானும் ஒருக்கா என்ர அக்காவின்ர மகனை ஒண்டும் சொல்லாமல்தான் கூட்டிக்கொண்டு போனனான். பிளேன் ஓடத் துவங்கிட்டுது, அவன் பெல்ட் கொக்கியை டக் டக்கெண்டு கழட்டிக்கொண்டே இருக்கிறான், பணிப்பெண் வந்து நிண்டு பிள்ளை வளக்கத் தெரியாதோ எண்ட மாதிரிப் பாத்தா. அவவுக்கு எப்பிடித் தெரியும், நாங்கள்தானே ஒளிச்சனாங்கள்.

எயார்லைன்காரருக்கு இது புதுசில்லை. ஓட்டிசம் மாதிரியான ஆக்களுக்கு உதவி வேணும் எண்டு புக்கிங்கில போட டி.பி.என்.ஏ எண்டே ஒரு குறியீடு இருக்கு. அப்பாவுக்கும் சும்மா வீல்செயர் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, தூரம் நடக்க ஏலாது ஆனா படி ஏறுவாரோ, படியும் ஏலாதோ, சீற் வரைக்கும் கொண்டுபோய் இருத்த வேணுமோ எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ, மூண்டுக்கும் வேற வேற குறியீடு. குறைஞ்சது 48 மணித்தியாலத்துக்கு முன்னம் சொல்ல வேணும். சிலநேரம் டொக்டரின்ர கடிதம் கேப்பினம், அதால இப்பவே கிளினிக்கில இங்கிலீசில ஒண்டு எழுதி வாங்கி வையுங்கோ, 100 மில்லிக்கு மேல தண்ணி மருந்து கைப்பையில கொண்டுபோறதெண்டாலும் அது உதவும். பிரிட்டன் எயார்போட்டுகளில இந்த உதவிக்குக் காசு வாங்கக்கூடாது எண்டு சட்டமே இருக்கு.

லண்டனில இறங்கினாப்பிறகு சூரியகாந்திப் பூப் போட்ட பச்சை நாடா ஒண்டு கேட்டுக் கழுத்தில போட்டுவிடுங்கோ. வெளிய தெரியாத குறைபாடு இருக்கிற ஆக்களுக்காக 2016ல கட்விக் எயார்போட்டில துவங்கினது, இப்ப ஹீத்ரோவிலயும் இருக்கு. கியூவில முந்தி விடுவினம் எண்டில்லை, ஆனா கண்டவுடன அவையள் அவசரப்படுத்தாமல் நிப்பினம், எங்களுக்கும் அதுதானே வேணும்.

செக்கிங் மெசின் அப்பாவின்ர பொய்க்காலுக்கு அனேகமாச் சத்தம் போடும், அதுக்குள்ள போக முன்னமே சொல்லிப்போடுங்கோ, எல்லாருக்கும் முன்னால வேண்டாம், தனி அறையில பாருங்கோ எண்டு கேக்கலாம், அவர் கூச்சப்பட்டாலும் நீங்கள் கேளுங்கோ.

தம்பியின்ர விசயத்தில நான் கூடப் பயப்பிடுறது பிளேன் ரொய்லெற்றுக்குத்தான். பட்டனை அமத்தினால் உறிஞ்சிற சத்தம் அப்பிடி இருக்கும், பெரியாக்களே திடுக்கிடுவினம். அவன் வெளிய வந்தாப்பிறகு நீங்கள் உள்ள போய் அமத்துங்கோ. காதை மூடுற ஹெட்போனை இப்பவே வாங்கி, பரந்தன் பஸ்ஸில போட்டுப் பழக்குங்கோ, வான் கிடைச்சால் பெல்ட்டும் பழக்கலாம். இறங்கேக்குள்ள காது அடைச்சு நோகும், அவனுக்குப் பழகின பிஸ்கற்றோ இனிப்போ சப்பக் குடுங்கோ. ஜன்னல் பக்கம் அவன், பக்கத்தில நீங்கள், மற்றப்பக்கம் அப்பா எண்டு மூண்டு சீற்றும் ஒண்டாக் கேளுங்கோ.

இன்னொண்டு தங்கச்சி. எங்கட ஆக்களுக்கு எஞ்சின் இரையேக்குள்ள சண்டைக்காலத்தில குண்டு போட்ட கிபிர் பிளேன் ஞாபகம் வந்து உடம்பு பங்கரைத் தேடும், அப்பாவுக்கும் வரலாம், உங்களுக்கும் வரலாம். பிள்ளை உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பான், அதால ஏற முன்னம் மூண்டு பேரும் இருந்து இந்தச் சத்தம் வரும் எண்டு கதைச்சு வையுங்கோ.

கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு இரவிரவாப் போய் உடன ஏறாமல் முதல்நாளே போய்த் தங்கப் பாருங்கோ. இடையில பிளேன் மாறுறதெண்டால் ரெண்டு பிளேனுக்கும் உதவி பதிஞ்சிருக்கோ எண்டு ரிக்கெற் போட்டவரிட்டப் பிரிண்ட் எடுத்துப் பாத்திட்டுத்தான் வெளிக்கிடுங்கோ.