பெற்றோருக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

கேள்வி: வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கத் துணை கிடைக்க இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 38. பணம், பத்திரம் எல்லாம் அப்புறம். முதலில், அம்மாவுக்கு மட்டும் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மூன்று வருடம் முன்பு அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை. தம்பியைப் பத்து நாளுக்கு ஓர் இல்லத்தில் விட்டோம். வெளியே அவன் தங்கியது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் போன்: சாப்பிடவில்லை, கன்னத்தில் அறைந்துகொள்கிறான், அமைதிப்படுத்த மாத்திரை கொடுக்கலாமா? அம்மாவிடம் சொன்னேன். படுத்தபடியே, "எந்தக் கன்னம்?" என்று கேட்டார். வலது. "கடைவாய்ப் பல்லைப் பாரு."

சொத்தை, ஈறு வீங்கியிருந்தது.

இல்லத்தின் மேல் எனக்குக் கோபமான கோபம். ஆனால் 35 வருடம் கற்றதை நாங்களும் அரைப் பக்க விண்ணப்பத்தில்தானே அடைத்துக் கொடுத்திருந்தோம்? உடம்பு வலியையும் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடுவது மருத்துவர்களுக்கே நேர்கிற தவறு. அதற்கு 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்' என்று பெயரே இருக்கிறது.

இப்போது நோட்டு இருக்கிறது. அவன் ஒரு தரம் "சரி" என்றால் சம்மதம். "சரி சரி" என்றால் 'ஆளை விடு' என்று அர்த்தம். இதெல்லாம் எந்தச் சான்றிதழில் வரும்? மாதம் இரண்டு இரவு வேறோர் இடத்தில் தங்கவும் பழக்கினோம். வீடு மாறுவதும் பெற்றோரை இழப்பதும் ஒரே வாரத்தில் நடக்கக்கூடாது.

வாழ்நாள் என்பது நீளம். அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25. இன்று 60 அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் சேவைகள் பள்ளி வயதோடு மெலிந்துவிடுகின்றன. தேவையும் மாறிக்கொண்டே இருக்கும். அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படிவது அமிலாய்டு புரதம்; அதற்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று பிரதி என்பதால் அல்சைமர் ஐம்பதுகளிலேயே எட்டிப்பார்க்கலாம். இருபத்தைந்தில் வேலைப் பயிற்சிக்கு ஆள் வேண்டும், ஐம்பத்தைந்தில் மறதிக்கு. வருடத்துக்கு ஒரு முறையாவது திட்டத்தைத் திருத்துங்கள்.

இல்லம் பார்க்கப் போனால் கட்டடத்தை ரசிக்காதீர்கள். நான் கேட்பது மூன்று: ராத்திரி பசித்தால் அவனே ஃபிரிட்ஜைத் திறக்கலாமா? அவன் அறைக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? பராமரிப்பாளர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 19வது பிரிவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தால் அந்தப் பிரிவு அங்கே செல்லாது.

உடன்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். என்னிடம் கேட்டார்கள், யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

தம்பியிடம் கேட்கத்தான் தாமதமாகிவிட்டது. போன மாதம் நோட்டை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "இரவில் விளக்கு எரிய வேண்டும்" என்ற வரியில் நிறுத்தி, "அது சின்ன வயசுல" என்றான். பேனாவை வாங்கி அவனே அடித்தான்.