கிளட்ச் கவர் ஸ்க்ரூ தேய்ந்துபோனால் கிரான்க் கேஸை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1993ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. கிளட்ச் தட்டு மாற்றுவதற்காகக் கவரைக் கழற்ற முயன்றபோது மூன்று ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்துவிட்டது. கார்புரேட்டரின் அடிக்கிண்ண ஸ்க்ரூ ஒன்றும் அதே கதிதான். "கேஸ் போய்விட்டது, வேறு கேஸ் நானே வாங்கித் தருகிறேன்" என்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். கெட்டது ஸ்க்ரூவின் தலை மட்டுமே. உள்ளே மரையும், அது வெட்டப்பட்டிருக்கும் கிரான்க் கேஸும் (இன்ஜினின் அலுமினிய உடற்கூடு) நன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அலுமினியக் கேஸுக்குள் இரும்பு ஸ்க்ரூ முப்பது ஆண்டுகள் ஈரத்தோடு இருந்தால், மரையிடுக்கில் உப்புப் பூத்ததுபோல வெண்பொடி படிந்து இறுகிவிடும். ஆனால் தலை தேய்வதற்கு அது காரணமல்ல, திருப்புளிதான் காரணம். ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) அளவிலான ஸ்க்ரூ. பலவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளிகூடக் குத்தியிருக்கும். கடையில் 'ஸ்டார்' என்று கேட்டால் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை, பக்கங்கள் பொருந்துவதற்கு முன்பே குழியின் அடியில் தட்டிவிடுவதால், பலம் கொடுத்ததும் மேலேறி வழுக்கி உலோகத்தைச் சுரண்டுகிறது. இந்த எளிய வேறுபாட்டைத் தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு இன்றும் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

முதல்நாள் இரவே ஸ்க்ரூக்களைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால் பிடி சற்றே தளரும். பிறகு இன்ஜினை நிறுத்தி, கியர் ஆயிலை வடித்துவிட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் மூன்றாம் எண் ஜேஐஎஸ் முனையைப் பொருத்தி, அது கழற்றும் திசையில் இருக்கிறதா என்று கையால் திருப்பிப் பார்த்த பின், நேராக, தயங்காமல் ஒரே அடியாக அடியுங்கள். அடி முனையைக் குழிக்குள் அழுத்தும் அதே நொடியில் அதைத் திருப்பவும் செய்வதால் பாதி தேய்ந்த தலைகூடப் பெரும்பாலும் அசைந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் தலையைத் துளைத்தெடுங்கள். இவை 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூக்கள். முதலில் 3 மில்லிமீட்டர் டிரில் பிட், பிறகு 6 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பிட். தலையின் உயரத்துக்கு மட்டும் துளைத்தால் போதும். அது மோதிரம்போலக் கழன்று வரும். கவரை எடுத்த பிறகு, இழுவிசை நீங்கிய தண்டு கேஸின் முகத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினால், பல நேரம் கையாலேயே திருப்புமளவுக்கு இளகி வரும்.

ஸ்க்ரூவில் துளையிட்டுச் செருகி, எதிர்த்திசையில் திருப்பிக் கழற்றும் 'ஈஸி அவுட்' பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். சென்ற மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில், முறிந்த ஈஸி அவுட்டின் துண்டு ஸ்க்ரூவுக்குள் கண்ணாடித் துண்டைப்போல மின்னிக்கொண்டிருந்தது. அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. ஒரு ஸ்க்ரூவில் முடிய வேண்டிய வேலை, அதன் பிறகுதான் கேஸ்வரை போகிறது.

இனி அந்தக் கேஸ் பேரத்துக்கு வருகிறேன். உங்கள் இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கிரான்க் கேஸின் மேல்தான். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கேஸை மாட்டிக்கொண்டால், அது திருட்டு வண்டியுடையதாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாங்கித் தந்தவர் அன்று பக்கத்தில் இருக்க மாட்டார். நேர்மையாகக் கேஸ் மாற்றியவரையும் திருட்டு இன்ஜின் பொருத்தியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மாதக்கணக்கில் அலையவிடும் அலுவலக நடைமுறை மாறும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. உங்கள் பழைய கேஸையும் எக்காரணம் கொண்டும் யாரிடமும் விட்டுவராதீர்கள். எண்ணுள்ள கேஸுக்கு வாங்க ஆள் இருக்கிறது. மரையே போயிருந்தாலும் லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) வைத்துச் சரிசெய்துவிடலாம்.

மேலே சொன்ன அடியும் துளையும் கார்புரேட்டருக்குப் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்கிறேன்: கார்புரேட்டரில் இம்பாக்ட் டிரைவர் வைக்கவே கூடாது. கிண்ண ஸ்க்ரூ 4 மில்லிமீட்டர்தான். அது இறங்கும் காது மெல்லிய வார்ப்பு, ஒரே அடியில் உடைந்துவிடும். வண்டியில் இருக்கும்போதும் அதைத் தொடாதீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலை முழுவதும் வடித்து, மேசையில் துணி விரித்துத் தலைகீழாக வைத்து, ஸ்க்ரூவைச் சுற்றிக் கொதிநீரை ஊற்றுங்கள், தீச்சுடர் வேண்டாம். சூடு ஆறுமுன் இரண்டாம் எண் ஜேஐஎஸ் திருப்புளியை உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தியபடி மெல்லத் திருப்புங்கள். வராவிட்டால் மறுபடியும் கொதிநீர், மறுபடியும் அழுத்தம். நான்கைந்து முறை ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். தலையில் பிடியே இல்லையென்றால், தலையின் ஓரத்தைக் கிரிப் பிளையரால் பக்கவாட்டில் கவ்வித் திருப்பலாம்.

திரும்பப் பூட்டும்போது குழம்பாமலிருக்க, கழற்றும்போதே ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீளமானது குட்டைத் துளைக்குள் போனால் அடியில் முட்டிக் கேஸையே பிளந்துவிடும்.