நெளிந்தால் தப்பில்லை

கேள்வி: சிறுவயதில் வீடியோ கேசட்டில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரின் முதல் எபிசோடைப் போன வாரம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் முறைத்தார்கள், நான் நெளிந்தேன். அது இனவெறித் தொடர்தானா ஐயா?
(வாசகர் ஒருவர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: நெளிந்தீர்களா? நெளிவதில் டர்பன் தமிழரை மிஞ்ச ஆளே இல்லை. கல்யாண மண்டபத்தில் மாமா மைக்கைப் பிடித்தால் நெளிவோம். "இப்போது இவர் தமிழில் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று நம் பெயரைச் சொல்லிவிட்டால், எதையோ தொலைத்தவர் மாதிரி மேசைக்கு அடியில் குனிவோம். திருக்குறள் போட்டிக்கு நடுவராக வந்தவரே பாதிக் குறளில் நின்று நெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவர் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர், ஓசியில்.

சரி, தொடர். 1977 டிசம்பர் 30 அன்று பிரிட்டனில் வந்த முதல் எபிசோடில், வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஜெரமி பிரவுன் வருகிறார். முந்தைய வாத்தியாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மாணவர்கள் ஒவ்வொருவராக நுழைகிறார்கள், ஆளுக்கு ஒரு ஜோக்கோடு. சீக்கியரும் பாகிஸ்தானியரும் பார்த்த மாத்திரத்தில் மல்லுக்கு நிற்பார்கள். இந்தியப் பெண் ஜமீலா பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஒற்றை ஜோக்கை வைத்தே 1979 வரை 29 எபிசோடு ஓட்டினார்களே, அதுதான் என் பெரிய புகார். சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கைக் கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானியராக வந்த டினோ ஷஃபீக் டாக்காக்காரர். லண்டனுக்கு எல்லாரும் ஒன்றுதான். கடைசியில் தொடரை எடுத்த டி.வி. நிறுவனத்தின் அதிகாரி மைக்கேல் கிரேடுக்கே பொறுக்காமல் தொடரை நிறுத்தினார்.

நம் கதை இதைவிட வேடிக்கை. இந்த நாட்டுக்கு டி.வி. வந்ததே 1976 ஜனவரியில். அதற்குமுன் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் என்ற அமைச்சர் அதைப் பிசாசின் பெட்டி என்று சொல்லி வருஷக்கணக்கில் தடுத்து வைத்திருந்தார். (இப்போது வரும் சீரியல்களைப் பார்த்தால், அந்த மனுஷன் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதானோ என்று தோன்றுகிறது.) அப்புறம் பிரிட்டன் நடிகர் சங்கமான ஈக்விட்டி, நிறவெறி ஆட்சியைக் கண்டித்து, தன் நடிகர்களின் நிகழ்ச்சிகளை இங்கே விற்கக் கூடாது என்றது. நாம் என்ன செய்தோம்? கேசட் வாடகைக்கு எடுத்தோம். நிறவெறிக்கு எதிரான தடையைச் சுற்றிக்கொண்டு போய், நிறத்தை வைத்துச் செய்த கேலிக்குக் கைதட்டினோம். அதுவும் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு! 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வாரிசுகளுக்குத்தான் ஆங்கிலம் வந்துவிட்டதே. இன்றைக்கும் செல்போன் கடைப் பாகிஸ்தான் பையன் பேசும் ஆங்கிலத்தை யாராவது நடித்துக் காட்டாமல் நம் வீட்டு பிராய் (கரி அடுப்பில் கறி சுடும் விருந்து) முடிகிறதா?

இனவெறியா என்றால், ஆமாம். சிரிப்பு வருகிறதா என்றால், அதுவும் ஆமாம். டினோ ஷஃபீக் முழித்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

முறைத்த பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் சேர்த்தாயிற்றா? சனிக்கிழமை காலையில் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்வார்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள். பின்னல் ஊசி கொண்டுவரத் தடையில்லை.