வெல்ஷ் சேனல் எத்தனை நாள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மகள் வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறாள். வெல்ஷ் மொழித் தொலைக்காட்சியான எஸ்4சி சேனலில் குழந்தைகளுக்கு வரும் நிகழ்ச்சிகளை அவளோடு உட்கார்ந்து நானும் பார்ப்பேன். ஆனால் அவள் தோழிகள் எல்லோரும் யூடியூபில் ஆங்கிலம்தான். வெல்ஷ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே? அரசுப் பணத்தில் ஓடும் இந்தச் சேனல் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

வி.

அன்புள்ள வி.,

மகளோடு உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்ற ஒரு வரிக்காகவே உங்கள் கடிதம் பிடித்திருந்தது. அதை விட்டுவிடாதீர்கள்.

பணம் பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவிடலாம். 2022 முதல் அந்தச் சேனலுக்கான பொதுப்பணம் முழுக்க டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் லைசன்ஸ் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. நீங்களும் கட்டுகிறீர்கள், கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. யூடியூபா? இளைஞர்களுக்கென்று 'ஹான்ஷ்' என்ற பெயரில் இணையத்துக்கே நேராகப் படம் பண்ணுகிறார்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு மொழி போய்த்தான் ஆகவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் "எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தச் சேனலுக்காகப் போராடியவர்கள் எல்லோரும் நன்றாக ஆங்கிலம் பேசியவர்கள். 1979 தேர்தலில் வெல்ஷ் சேனல் தருவோம் என்று வாக்குறுதி கொடுத்த கன்சர்வேடிவ் கட்சி, ஆட்சிக்கு வந்ததும் கைவிரித்தது. கல்வியாளர்கள் மூன்று பேர் பென்கரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் புகுந்து அதை நிறுத்தினார்கள். 1980 மே மாதம், வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர், 67 வயது க்வின்ஃபோர் எவன்ஸ், சேனல் தராவிட்டால் அக்டோபரிலிருந்து சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். செப்டம்பரிலேயே தாட்சர் அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1 அன்று சேனல் தொடங்கியது. ஆங்கிலம் தெரியாத குறையைத் தீர்க்கவா ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்தார்? இனி யாரிடமும் அந்த வாதத்தைச் சொல்லாதீர்கள்.

சரி, சேனல் இருந்தால் மட்டும் போதுமா? 2011 கணக்கெடுப்பில் 19 சதவீதமாக இருந்த வெல்ஷ் பேசுவோர் 2021-ல் 17.8 சதவீதம் ஆனார்கள். சில காலமாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். பார்ப்பவர்களை மட்டும் வைத்து ஒரு மொழி ஓடாது, செய்பவர்கள் வேண்டும். வேல்ஸில் பாப்பிர் ப்ரோ என்ற வட்டாரப் பத்திரிகைகள் உண்டு. 1970-களில் முளைத்தவை. ஒரு கிராமத்துக் கூடத்தில் அப்படி ஒன்று தயாராவதைப் பார்த்திருக்கிறேன். நீள மேஜையில் அச்சான தாள்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, அடுத்தவர் மடிக்க, கடைசியில் ஒரு பாட்டி எண்ணிக் கட்டுகிறார். உள்ளே யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் காலமானார், தேவாலயத்தில் இந்த ஞாயிறு யார் பேசுகிறார், இவைதான். கைகள் ஓயாமல் மடிக்க, வாய் ஓயாமல் வெல்ஷில் ஊர்வம்பு. சம்பளம் யாருக்கும் கிடையாது. லண்டனில் யார் கையெழுத்துப் போட்டாலும் அந்த மேஜையை மூட முடியாது.

அந்தப் பாட்டிக்கு அடுத்து யார் என்பதுதான் என் கவலை. லாம்பீட்டர், கைர்நார்வன் போன்ற ஊர்களில் உள்ளூர்க்காரர்களே எழுதும் செய்தித் தளங்கள் வந்துவிட்டன. ஃபோனை வைத்துக்கொண்டு ஊர்த் திருவிழாவைப் படம் பிடித்து, வெல்ஷில் நாலு வரி எழுதிப் போடுகிற பையன்தான் அந்த மேஜையின் வாரிசு. நாளைக்கு எஸ்4சிக்கு எழுதப்போகிறவனும் அவன்தான்.

உங்கள் கார்டிஃபிலேயே 1973-ல் தொடங்கிய பத்திரிகை 'அ தினெசித்'. ஒரு பிரதி வாங்கி மகளிடம் கொடுங்கள், உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பிடித்திருந்தால், அவள் பள்ளி விழாவைப் பற்றி அவளையே நாலு வரி எழுதச் சொல்லி அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். போட்டார்களா என்று எனக்கு எழுதுங்கள்.